வெள்ளிக்கிழமை உண்மை வெளிவரும்

என் அக்கா ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிறவள். ஊசியைக் கண்டாலே மயங்கி விழும் ஆட்களை அவளிடம்தான் அனுப்புவார்கள். கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தட்டிக்கொண்டே, "உங்க வீட்ல யார் நல்லா சமைப்பாங்க?" என்று கேட்பாள். எதிரில் இருப்பவர் யோசித்து வாயைத் திறப்பதற்குள் ஊசி உள்ளே போயிருக்கும். பதில் முடிவதற்குள் பஞ்சை வைத்துக் கையை மடக்கிவிடுவாள். "சொல்லிக்கிட்டே நின்னா அவங்களுக்கும் பயம், நமக்கும் கை நடுங்கும். டக்குனு குத்திடணும்" என்று புதிதாக வருகிற பெண்களுக்குப் பாடம் வேறு எடுப்பாள்.

இப்படிப்பட்டவள், பெற்ற மகளிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்வதற்கு ஒரு டி.வி. சீரியலின் தயவுக்குக் காத்துக் கிடந்தாள் என்றால் யாராவது நம்புவார்களா? கூடவே இருந்து பார்த்த எனக்கே நம்ப முடியவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

விஷயம் இதுதான். மகள் தவழ்ந்துகொண்டிருந்தபோதே அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், வீட்டை விட்டுப் போய்விட்டார். செத்துப்போகவில்லை, ஓடிப்போனார். பள்ளிக்கூடத்தில் சேர்த்த புதிதில் குழந்தை, "எல்லாருக்கும் அப்பா வர்றாங்க, எனக்கு எங்கம்மா?" என்று கேட்க, அக்கா சற்றும் யோசிக்காமல், "உங்கப்பா பஸ் விபத்துல செத்துட்டாரு கண்ணு" என்று சொல்லிவிட்டாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். "பின்னாடி பெரிய வம்பாகும்க்கா" என்றேன். "பெரியவ ஆகட்டும், சொல்லிக்கலாம்" என்றாள். மகள் பெரியவளானாள், காலேஜ் முடித்தாள், டிக்கெட் போட்டுக் கொடுக்கும் டிராவல்ஸ் ஒன்றில் வேலைக்கும் சேர்ந்தாள். அத்தான் மட்டும் ஹால் சுவரில், சட்டத்துக்குள் சிரித்துக்கொண்டு, செத்தவராகவே இருந்தார். எங்கேயோ உயிரோடு டயர் கடை வைத்துக்கொண்டு சௌகரியமாக இருக்கும் மனிதர்!

இந்த லட்சணத்தில்தான் அந்த சீரியல் வந்து சேர்ந்தது. கதாநாயகிக்குப் பெரிய கண். ரசிகர்கள் செல்லமாக முட்டைக்கண்ணி என்பார்கள். முட்டைக்கண்ணியின் புருஷனும் ஓடிப்போனவன். அவளும் மகனிடம் அப்பா செத்துவிட்டார் என்று சொல்லி வளர்க்கிறாள். அந்தப் புருஷன் ஒட்டுத் தாடி வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டிலேயே டிரைவராக இருக்கிறான். ஊரே கண்டுபிடித்துவிட்ட தாடியை முட்டைக்கண்ணி மட்டும் கண்டுபிடிக்கவில்லை. அவ்வளவு பெரிய கண்ணை வைத்துக்கொண்டு!

முதல் வாரம் பார்த்தபோதே அக்கா விழுந்துவிட்டாள். வேலை முடிந்து வந்தால் கைகால் கழுவுகிறாளோ இல்லையோ, டி.வி. முன்னால் இருப்பாள். பிறகு ரசிகர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்தாள். போகப் போக அந்தக் குழுவுக்கே அட்மின் ஆனாள். முகம் தெரியாத ஆட்கள் எல்லாம் "அட்மின் அக்கா, அட்மின் அக்கா" என்று அவளைக் கூப்பிட்டுச் சண்டைக்குத் தீர்ப்புக் கேட்பார்கள்.

சீரியலாவது அரை மணி நேரத்தில் முடிந்து தொலையும். அதற்கு மேல் பேட்டி என்று ஒன்று இருக்கிறதே, அதுதான் என் உயிரை வாங்கியது. சீரியலின் தயாரிப்பாளர் அம்மாவும் கதை எழுதுகிறவரும் மாதம் தவறாமல் ஒரு சிவப்பு சோபாவில் உட்கார்ந்து, தங்கள் சீரியலைப் பற்றித் தாங்களே வியந்து பேசுவார்கள். அதை நெட்டில் போடுவார்கள். அதற்குக் கீழே ரசிகர்கள் வரிந்து கட்டிக்கொண்டு இறங்குவார்கள்.

எழுத்தாளர் கண்ணை மூடிக்கொண்டு, "கதையை நான் எழுதலைங்க. அது பாட்டுக்குப் போகுது. நான் பின்னாடியே போறேன்" என்பார். கீழே ஒருவர், "அப்ப சம்பளத்தைக் கதைகிட்டயே குடுத்துடுங்க சார்" என்று எழுதுவார். தயாரிப்பாளர் அம்மா, "எங்க சீரியல்ல யதார்த்தம்தான் முக்கியம்" என்பார். "ஆபரேஷன் தியேட்டர்ல லிப்ஸ்டிக் கலையாம படுத்திருக்கா, யதார்த்தமாம்!" என்று பதில் வரும். "ரசிகர்கள்தான் எங்க தெய்வம்" என்று இருவரும் சேர்ந்து கும்பிடுவார்கள். "தெய்வத்தை ஏன்யா இந்தப் பாடு படுத்தறீங்க?" என்று தெய்வம் கேட்கும். எழுத்தாளருக்குக் குழுவில் வைத்த பெயர் ஜவ்வு. அவர் இழுக்கிற இழுப்புக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.

திட்டுவதோடு நிறுத்துகிறார்களா? அதுவும் இல்லை. ஜவ்வு ஒரு பேட்டியில் பேனாவை இடது கையில் பிடித்திருந்தால், கதையில் திருப்பம் வரப்போகிறது என்பார்கள். தயாரிப்பாளர் அம்மா தண்ணீர் குடித்தால், யாரோ சாகப்போகிறார்கள் என்பார்கள். எதிர்த்துப் பேசுகிறவர்களைக் குழுவை விட்டுத் தூக்க வேண்டியது அக்காவின் வேலை. அந்தக் கண்டிப்பில் கொஞ்சத்தைத் தன் வீட்டில் காட்டியிருக்கலாம்.

இது ஏதோ பொழுதுபோக்கு என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே அக்கா மெதுவாகச் சொன்னாள்.

"அந்த முட்டைக்கண்ணி மகன்கிட்ட சொல்லட்டும்டி. அந்தப் பையன் எப்படி எடுத்துக்கறான்னு பார்க்கலாம். அன்னிக்கு நம்ம புள்ளையையும் பக்கத்துல உட்கார வெச்சுக்கறேன். அவ மூஞ்சியைப் பார்த்தா எனக்குத் தெரிஞ்சுடும். அப்புறம் நானும் சொல்லிடுவேன்."

மடித்த துணியை அப்படியே கீழே போட்டேன்.

"உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா? அவ சம்பளம் வாங்கிட்டு அழறவக்கா. நாளைக்கே வேற சீரியல்ல மாமியாரா வருவா. அவளைப் பார்த்து நீ சொல்லப் போறியா?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா இரு."

"ஊர்ல இருக்கறவங்களை எல்லாம் யோசிக்காம குத்தறே. இதுக்கு மட்டும் என்ன?"

"அது ஊசி. வலி உடனே போயிடும்" என்று சொல்லிவிட்டு மீதித் துணியைத் தானே மடித்தாள். அவள் பயந்துபோயிருந்தாள். மகள் முகம் கொடுத்துப் பேசாமல் போய்விடுவாளோ என்ற பயம். அவளுக்கு இருக்கிற ஒரே சொத்து அந்தப் பெண்தான்.

அப்படியே தள்ளிப்போட்டு ஓட்டிவிடலாம் என்றால், கல்யாணப் பேச்சு வந்தது. மகள் தன்னோடு வேலை பார்க்கும் பையனையே பிடித்திருக்கிறது என்றாள். நல்ல பையன். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்து பேசுவதாக ஏற்பாடு. அதற்கு முந்தின வாரம் பையனின் அம்மா போனில் அக்காவோடு அன்பாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். "பொண்ணோட அப்பா எங்க வேலை பார்த்தாரு?" என்று கேட்டிருக்கிறார். இவள் ஏதோ நினைப்பில் அத்தான் வேலை பார்த்த பஸ் டிப்போவின் பெயரை உள்ளபடியே சொல்லிவிட்டாள். "அட, எங்க பெரிய மச்சானும் அங்கதானே மெக்கானிக்கா இருந்தாரு! கண்டிப்பா தெரிஞ்சிருக்கும். ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வர்றோம்" என்றாராம் அந்த அம்மா.

அக்கா எனக்குப் போன் செய்து இதைச் சொன்னாள். நான் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

"இன்னிக்கே சொல்லிடு. அந்த மெக்கானிக் வந்து, அவரு உயிரோடதானே இருக்காருன்னு கூடத்துல வெச்சு உடைச்சார்னா, கல்யாணம் போறது இருக்கட்டும், உன் பொண்ணு உன்னை மன்னிக்கவே மாட்டா."

"வெள்ளிக்கிழமை சொல்லிடறேன்."

"ஏன், வெள்ளிக்கிழமை என்ன விசேஷம்?"

அவள் செல்போனை நீட்டினாள். புதுப் பேட்டி. ஜவ்வு சிவப்பு சோபாவில் உட்கார்ந்து விரலை நீட்டி, "வெள்ளிக்கிழமை உண்மை வெளிவரும். குடும்பத்தோட உட்கார்ந்து பாருங்க" என்கிறார். அதற்குக் கீழே ரசிகர்கள் வழக்கம்போலப் பிடுங்கி எடுத்திருந்தார்கள். "எந்த வருஷத்து வெள்ளிக்கிழமை?" என்று ஒருவர். "தாடிக்காவது விடுதலை குடுங்க" என்று இன்னொருவர். நடுவில் என் அக்கா எழுதியிருந்தாள்.

'ஐயா, வணக்கம். அந்தத் தாயை வெள்ளிக்கிழமை கட்டாயம் பேச வையுங்கள். மகன் கோபித்துக்கொள்ளாமல் இருக்கும்படி எழுதுங்கள். உங்களை நம்பி ஒரு வீட்டில் காத்திருக்கிறோம்.'

அதற்கு எழுத்தாளர் பெயரில் பதில் வந்திருந்தது. 'கண்டிப்பாக அம்மா.' பக்கத்தில் ஒரு கும்பிடு.

"பார்த்தியா? அவரே சொல்லியிருக்கார்" என்றாள்.

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அவர் ஆபீஸில் யாரோ ஒரு சின்னப் பெண் உட்கார்ந்து எல்லாருக்கும் இதே கும்பிடைப் போட்டுக்கொண்டிருப்பாள் என்று சொல்ல வாயெடுத்தேன். அக்காவின் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானும் போய்ச் சேர்ந்தேன். அக்கா வேலைக்கு லீவு போட்டிருந்தாள். ஹாலைப் பெருக்கி, சோபா உறையை மாற்றி, ஏதோ விருந்தாளி வருகிற மாதிரி செய்து வைத்திருந்தாள். மகள் வந்ததும் பையைக்கூட வைக்கவிடாமல், "இன்னிக்கு ஒரு நாள் என்கூட உட்கார்ந்து பாரு" என்றாள். மகளுக்கு சீரியல் என்றாலே ஆகாது. "எனக்குத் தலையெழுத்தாம்மா?" என்று முனகிவிட்டு, பிஸ்கட் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

முதல் பாதி முழுக்கத் தாடிக்காரன் காரைத் துடைத்தான். அப்புறம் விளம்பரம். அப்புறம் மறுபடியும் காரைத் துடைத்தான். "கார் தேஞ்சே போயிடும்" என்றாள் மகள். அக்கா எதுவும் காதில் வாங்கவில்லை. ஒரு வழியாக முட்டைக்கண்ணி மகனைக் கூப்பிட்டாள். கண்ணில் நீர் முட்ட, "உங்கப்பா சாகலைடா. உயிரோட இருக்கார். நான்தான் பொய் சொன்னேன்" என்றாள். பையன் ஒரு கணம் நின்றான். பிறகு ஓடிவந்து கட்டிக்கொண்டு, "நீ என்ன செஞ்சாலும் எனக்காகத்தாம்மா செஞ்சிருப்பே" என்று அழுதான்.

அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு மகளைத் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

மகள் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே, "ரொம்ப நல்ல பையன். நானா இருந்தா அந்த நிமிஷமே வீட்டை விட்டுப் போயிருப்பேன்" என்றாள்.

அதே நேரத்தில் டி.வி.யில் அலாரம் அடித்தது. முட்டைக்கண்ணி படுக்கையிலிருந்து திடுக்கிட்டு எழுந்தாள். நெற்றி வேர்வையைத் துடைத்தாள். "ஐயோ, எல்லாம் கனவா!" என்றாள். அதோடு முடித்துவிட்டார்கள் பாவிகள்.

அடுத்த நொடி அக்காவின் செல்போன் துள்ளத் தொடங்கியது. குழுவில் எத்தனை பேர் உண்டோ அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். அக்கா அதை எடுக்கவில்லை. கையில் இருந்த ரிமோட்டைச் சுவரில் விட்டெறிந்தாள். மூடி ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம் ஓடின.

"கனவாம்! வெட்கமா இல்ல? வாக்குக் குடுத்தானே, அந்தப் படுபாவி! எத்தனை நாளா இழுப்பான்? பெத்த புள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு அவளுக்கு என்ன கேடு?"

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, அது கனவுன்னு எனக்கே தெரிஞ்சுதே. பின்னாடி வெள்ளையாப் புகை வந்துச்சு பாரு. இதுக்குப் போய்..."

"உங்கப்பா சாகலை" என்றாள் அக்கா.

"அம்மா, சீரியல் முடிஞ்சாச்சு."

"உங்கப்பா சாகலைடி. உயிரோட இருக்காரு. நீ தவழ்ந்துக்கிட்டிருந்தப்போ விட்டுட்டுப் போனவரு. விபத்துன்னு நான்தான் சொன்னேன்."

மகளின் வாயில் சிரிப்பு அப்படியே நின்றது. என்னைப் பார்த்தாள். "சித்தி?" என்றாள். நான் தலையசைத்தேன்.

அந்த நேரத்தில் வீட்டில் கேட்ட ஒரே சத்தம், டி.வி.யில் சோப்புப் பவுடரைப் போற்றி ஒரு குடும்பமே ஆடிப் பாடிய சத்தம். நிறுத்தலாம் என்றால் ரிமோட் சுக்கல். பேட்டரியைத் தேடி சோபாவுக்கு அடியில் கையை விட்டேன், தூசிதான் வந்தது. சனியனே என்று பிளக்கைப் பிடுங்கினேன்.

"அந்தப் போட்டோல இருக்கறவர்தானா?" என்று மகள் கேட்டாள்.

"ஆமா."

"ஒவ்வொரு பரீட்சைக்கும் அது முன்னாடி நின்னு சொல்லிட்டுத்தானே போனேன். வேலை கிடைச்சதும் முதல்ல அங்கதானே சொன்னேன். நீ பின்னாடி நின்னு பார்த்துக்கிட்டே இருந்தே."

"வெள்ளிக்கிழமை சொல்லிடலாம்னுதான்..."

"எந்த வெள்ளிக்கிழமை?"

அக்கா திக்கித் திணறிச் சொன்னாள். எழுத்தாளர், பேட்டி, அந்தக் கும்பிடு, ஞாயிற்றுக்கிழமை வரப்போகும் மெக்கானிக் வரை எல்லாவற்றையும் சொன்னாள். கேட்கக் கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது.

"என்கிட்ட பேசறதுக்கு சீரியல்காரன் நாள் குறிச்சுக் குடுக்கணுமா?" என்றாள் மகள். அவள் குரல் உயரவே இல்லை. "அவரைப் போய் ஜவ்வுங்கறீங்க. அவர் இழுத்தது ரெண்டு வருஷம். நீ எத்தனை வருஷம்மா இழுத்தே?"

குழுவில் யார் என்ன கேட்டாலும் பட்டென்று பதில் சொல்கிறவள், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் குறுக்கே புகுந்து, "அவ உன் நல்லதுக்குத்தான்..." என்றேன்.

"சீரியல் வசனம் பேசாதீங்க சித்தி. உங்களுக்கும்தான் தெரிஞ்சிருக்கு."

மகள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். வாசலுக்குப் போய்ச் செருப்பில் ஒரு காலை நுழைத்தாள். அக்கா தடுக்கவில்லை, கெஞ்சவும் இல்லை. அழுதுகொண்டு மட்டும் நின்றாள். போய்விட்டாள், அவ்வளவுதான், இனி அக்காவை யார் தேற்றுவது என்று நினைத்தேன். மகள் மற்றக் காலை நுழைக்காமல் வெகு நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்து, அக்காவுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"உட்காரு. முதல்லேருந்து சொல்லு. அவர் யாரு, எப்படி இருப்பாரு, ஏன் போனாரு, எல்லாம். பாதியில நிறுத்தினே, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

அக்கா உட்கார்ந்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லாப் பாடுவாரு" என்று ஆரம்பித்தாள். "உன்னைக் குளிப்பாட்டுறப்ப நீ கத்துவே. அவர் கதவுக்கு வெளியே நின்னு பாடுவாரு. நீ அழுகையை நிறுத்திட்டுக் கேட்பே."

இத்தனை வருஷத்தில் எனக்கே தெரியாத சங்கதி அது. ஆனால் எனக்குப் பொறுக்கவில்லை. கைக்குழந்தையோடு நடுத்தெருவில் விட்டுப் போன மனிதனின் பாட்டுக் கச்சேரி இப்போது யாருக்கு வேண்டும்? "அதெல்லாம் எதுக்குக்கா? ஓடிப்போனதைச் சொல்லு" என்றேன்.

மகள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"சித்தி, நீங்க சும்மா இருங்க" என்றாள். அவள் கண்கள் அவள் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. "என்ன பாட்டும்மா?"